டக் படகுக்கு எந்த வெள்ளை

பத்து மணிச் சொட்டு விட்டாயிற்று. அமலோற்பவம் என் இமையைப் பிடித்து இழுத்து, "மேல பாருங்க, மேல. விட்டத்தப் பாருங்கன்னா என் மூஞ்சிய ஏன் பாக்கிய" என்று அதட்டி, ஒரு சொட்டைக் கண்ணுக்குள்ளும் ஒரு சொட்டைக் கன்னத்திலுமாக விட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். நாற்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள், அவள் மூஞ்சியைப் பார்த்தால் குற்றம். மருந்தைக் கண்ணில் விட்டால் கசப்பு தொண்டைக்கு வருகிறது. எந்த வழியாக வருகிறது என்று பத்தொன்பது நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. இடது கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. வலது கண் வருகிற செவ்வாய்க்கிழமை. அதுவரைக்கும் குனியாதே, தூக்காதே, தும்மாதே, தலைக்குத் தண்ணீர் விடாதே. உட்காரலாம் என்று டாக்டரம்மா சொன்னதால் உட்கார்ந்திருக்கிறேன். மேஜைமேல் பழைய பேப்பர், பேப்பர்மேல் முழங்கை நீளத்துக்கு ஒரு டக் படகு, பிளாஸ்டிக்கில். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வந்து சேர்க்குமே, அந்தப் படகு. அடிவயிற்றுக்குக் கறுப்பு அடித்தாயிற்று, மேல்தளத்துக்குச் செங்காவி அடித்தாயிற்று. கேபின் மட்டும் பாக்கி. கேபின் வெள்ளை. வெள்ளை என்றால் என்ன வெள்ளை, அங்கேதான் நாலு நாளாக நிற்கிறேன். மகள் அனுப்பிய பெட்டியில் கட்டைவிரல் உயரத்துக்குப் பன்னிரண்டு பெயிண்ட் குப்பி, அதில் மூன்று வெள்ளை. மூன்றையும் பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் அடித்துக் காயவைத்து, அரிசி போட்ட டம்ளரில் குத்தி வைத்திருக்கிறேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் மூன்றும் மூன்று மாதிரி, ஒன்று டியூப்லைட், ஒன்று பால், ஒன்று முட்டை ஓடு. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் மூன்றும் ஒன்றுதான், ஆறிப்போன தேத்தண்ணியில் நனைத்து எடுத்த மாதிரி. கையை மாற்றி மாற்றிப் பொத்துகிறேன். டியூப்லைட், தேத்தண்ணி. பால், தேத்தண்ணி. ஒரே கரண்டி, ஒரே ஜன்னல் வெளிச்சம், ஒரே மனுஷன். பொத்திப் பொத்தித் தோள்தான் வலிக்கிறது.

முப்பத்தொரு வருஷம் இந்த மாதிரி டக்கில் லஸ்கராக இருந்தேன். கயிறு எறிகிற வேலை, கயிறு வாங்குகிற வேலை. கேபின் சுவரை உரசி உரசி நடந்திருக்கிறேன். அதன் வெள்ளை என்ன வெள்ளை என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. துரு ஒழுகின இடம் தெரியும், எண்ணெய்க்கை பட்ட இடம் தெரியும், கதவுப்பிடி எந்த உயரத்தில் என்று என் இடுப்பு சொல்லும். நிறம் தெரியாது. நிறம் பார்ப்பது சின்ன வயசிலேயே என் வேலையாக இருந்ததில்லை. பதினாலு வயசில் ஒரு கப்பல்காரன், எந்த தேசத்துக்காரனோ, எங்கப்பா கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பதிலாக ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தான். உள்ளே ஏரோப்பிளேன், துண்டு துண்டாகச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு. நானும் தஸ்நேவிசும் செய்தோம். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவன். நான் நகவெட்டியால் துண்டுகளை வெட்டி எடுத்து, பிசிர் தேய்த்து ஒட்டுவேன், அவன் நிறம் அடிப்பான். அவங்கப்பா வள்ளங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், மிச்சமெல்லாம் டப்பா டப்பாவாக வீட்டில் கிடக்கும். ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து வெயிலில் நீட்டிப் பார்ப்பான், தலையை ஆட்டுவான், இன்னொரு சொட்டு சேர்ப்பான். "ஏல கபிரி, வானம் இந்த நீலமால?" என்பான். நான் வானத்தைப் பார்ப்பேன். வானம் வானமாக இருக்கும். "ஆமால" என்பேன். "நீ பசைய மட்டும் பாரு" என்று சிரிப்பான். அந்தப் பசையையும் நான் அதிகமாக வைத்து ஏரோப்பிளேன் கண்ணாடி வெளுத்துப்போயிற்று, இறக்கை உருகி என் விரல் ரேகை பதிந்துவிட்டது. அதன்மேல் இரண்டு கை அடித்து மறைத்துக் கொடுத்தான். நாலு மாடல் செய்திருப்போம். பிறகு நான் துறைமுகத்துக்குப் போனேன், அவன் பெயிண்டுக்குப் போனான், முடிந்தது. ஐம்பது வருஷம் கழித்து மகள் ஜெசிந்தா கோயம்புத்தூரிலிருந்து பெட்டி அனுப்புகிறாள். "சும்மா இருந்தா கண்ணக் கசக்குவிய, இதச் செய்யுங்கப்பா." வெட்டுவது, தேய்ப்பது, ஒட்டுவது எல்லாம் கைக்கு உடனே வந்துவிட்டது, இந்தத் தடவை ரேகைகூடப் பதியவில்லை. நிறத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எனக்கு நிறம் பார்க்கத் தெரியாது. அது எனக்கே தெரியும். தெரிந்திருந்தும்தான் அன்றைக்கு... சரி, வேண்டாம். பால் வெள்ளை. பால் வெள்ளையையே அடித்துவிட்டு எழுந்திருக்கலாம்.

அமலி ஈரக்கையோடு வந்து நின்றாள். மீன் வாடை முன்னால் வந்தது, அவள் பின்னால் வந்தாள்.

"எத்தன கரண்டி?"

"பதினொண்ணு. எட்டு வீணாப்போச்சு."

"ஜெபக்கூட்டத்துக்குப் பாயசம் குடுக்க வாங்கி வச்சது. வாறவங்க விரலால நக்கட்டும், என்ன?"

"எது வெள்ளைன்னு தெரியலட்டி."

அவள் கிட்டக்கூட வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே டம்ளரைப் பார்த்து, "அது நீலம் தட்டுது. நடுவுல உள்ளது சரி. அந்தக் கடைசி, நாள்பட்ட வேட்டி" என்றாள். எனக்கு நாலு நாள், அவளுக்கு நாலு நொடி.

"அப்ப நடுவுல உள்ளதையே அடிக்கவா?"

"எனக்கென்ன தெரியும், நான் மீன் கழுவுதவ. தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காருல்லா. நம்பரு என் போன்ல கெடக்கு." போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பெயரைச் சொல்லவில்லை. இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி நாலு வருஷம் ஆகிறது.

எங்கள் தெரு முனையில் ஒரு குருசடி இருக்கிறது. சிலுவையும் ஒரு மாதா சுரூபமும் வைத்த சின்ன மண்டபம், கடலுக்குப் போகிறவனும் பரீட்சைக்குப் போகிறவளும் கும்பிட்டுவிட்டுப் போவது. சில வருஷத்துக்கு ஒரு தடவை திருநாளுக்கு முன்னால் சுரூபத்துக்கு நிறம் புதுப்பிப்போம். இருபத்தாறு வருஷம் அதைத் தஸ்நேவிஸ், எங்கள் நேவிஸ், செய்தான். மூன்று நாள் சுற்றித் துணி கட்டி, ஒருத்தரையும் கிட்ட விடாமல் அடிப்பான், நாலாம் நாள் காலையில் துணியை எடுப்பான். பெண்கள் அழுதுவிடுவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் துணியை எடுத்தபோது மாதாவின் அங்கி எனக்கு மஞ்சளாகத் தெரிந்தது. எங்கேயோ வீட்டுக்கு அடித்த மிச்சத்தை அடித்துவிட்டான் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம். தெருக் கமிட்டியில் ஐந்து பேர், கொரைரா அண்ணன் தலைவர், நான் செயலாளர். ஐந்து பேரில் அறுபதுக்குக் கீழே ஒருத்தன் கிடையாது. மற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, "இது வெள்ளையா?" என்று கேட்டேன். நாலு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள். "ஆமாடே, மஞ்சத் தட்டுதே" என்றார் கொரைரா அண்ணன். மற்றவர்களும் ஆமா போட்டார்கள். ஐந்து கிழவன், பத்துக் கண், பத்திலும் புரை. அது எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. சின்னவர்கள் நின்றார்கள், பெரியவர்கள் சொல்லும்போது வாயைத் திறக்கவில்லை. அமலி மட்டும், "எனக்கு வெள்ளையாத்தான தெரியுது" என்றாள். "ஒன்னக் கேட்டாங்களா" என்றேன். அன்று சாயங்காலம் ஜெபமாலை முடிந்து நடந்த கூட்டத்தில் எழுந்து, மாதாவுக்குப் போய் மிச்ச பெயிண்டை அடித்திருக்கிறான், சொந்த வீட்டுச் சுவருக்கு அடிப்பானா என்று சொன்னேன். நேவிஸ் கூட்டத்தில் இல்லை. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலையில் வந்து ஏணியை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டு முத்தையாபுரத்துக்கு மகள் வீட்டோடு போய்விட்டான். வேறொரு ஆளைக் கூட்டிவந்தோம். நான் பக்கத்திலேயே நின்றேன். "இன்னும் வெள்ளை" என்றேன், அவன் நீலம் விட்டான். "இன்னும்" என்றேன், விட்டான். என் கண்ணுக்கு வெள்ளையாகிற வரைக்கும் விடச் சொன்னேன்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு ஆட்டோ குருசடியைத் தாண்டும்போது நிறுத்தச் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன். சொட்டு நீலத்தில் முக்கி வைத்துவிட்டு மறந்துபோன சட்டை மாதிரி இருந்தது மாதாவின் அங்கி. "இது எப்பட்டி இப்படி ஆச்சு?" என்றேன். "எது?" என்றாள் அமலி. "நீலமா இருக்கே." என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாலு வருஷமா அப்படித்தான இருக்கு" என்றாள். "ஒருத்தரும் சொல்லல?" "ஒங்ககிட்ட யாரு சொல்லுவா, நீங்கதான செயலாளரு." ஆட்டோக்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான், அவன் எங்கள் தெருக்காரன். வீட்டுக்கு வந்து படுத்தேன். மூன்றாம் நாள் கொரைரா அண்ணன் பிஸ்கட் பொட்டலத்தோடு பார்க்க வந்தார். அவருக்கு இரண்டு கண்ணும் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. "கொஞ்ச நாளைக்கு எல்லாம் வேற மாதிரித் தெரியும்டே. பழகிரும். நான் பழகிட்டேன்லா" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கமிட்டியில் இன்னும் ஒருத்தருக்கும் ஆகிவிட்டது. அவர்களும் அந்த வழியாகத்தானே ஆட்டோவில் வந்திருப்பார்கள். அவர்களும் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து படுத்திருப்பார்கள். பழகியிருப்பார்கள்.

கண்தானே, நான் என்ன செய்ய. கண் அப்படிக் காட்டியது, வாய் அதைச் சொன்னது. இப்படிச் சொல்லிப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கரண்டியைப் பார்க்கிறேன். மஞ்சள். சந்தேகமே இல்லாத மஞ்சள். இதோ சாட்சி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து என் வலது கண்ணைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் இது இன்றைக்குள்ள மஞ்சள். நாலு வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு மஞ்சளாக இருந்திருக்கும்? புரை வளர்கிற பொருள் என்று டாக்டரம்மா சொன்னாள், கொஞ்சம் கொஞ்சமாக, ஆளுக்கே தெரியாமல். அன்றைக்குத் துளிதான் இருந்திருக்குமோ? லேசாகத் தட்டினதை நான் பெரிதாக்கினேனோ? அன்று காலையில் துணியை எடுத்ததும் பெண்கள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களே, கொரைரா அண்ணன் பெண்டாட்டி, எங்கள் ஜெசிந்தாகூட, அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதற்குப் பிறகுதானே அங்கியைப் பார்த்தேன். அதற்கு முன்னாலேயே மஞ்சள் தெரிந்ததா, பிறகு தெரிந்ததா? முப்பத்தொரு வருஷம் கயிறு பிடித்த கை இது, யார் கண்ணில் ஒற்றினார்கள்? சே. அப்படியெல்லாம் இல்லை. கண்தான். கண்ணேதான். செவ்வாய்க்கிழமை இந்தக் கண்ணையும் எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்துவிடுவார்கள். முகத்தைத் துணியால் மூடி ஒரு ஓட்டை விடுவார்கள், விளக்கு வந்து விழும், டாக்டரம்மா நர்சிடம் சாப்பாட்டைப் பற்றி என்னவோ கேட்பாள், நான் அசையாமல் கிடக்க வேண்டும். அதற்குப் பயமில்லை. எழுந்து வரும்போது என்னிடம் சாட்சி இருக்காது, அதற்குத்தான் பயம். இரண்டு கண்ணும் வெள்ளையை வெள்ளை என்று சொல்லும். நான் ஏன் சொன்னேன் என்று எனக்கே காட்டிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷத் திருநாளுக்குக் கூட்டம். நீலம் மங்கிவிட்டது, மறுபடி அடிக்க வேண்டும் என்று பேச்சு வரும். யாரை வைத்து அடிக்க என்று என்னைத்தான் பார்ப்பார்கள். அசதியாக இருக்கிறது. இந்தப் பத்தொன்பது நாளில் பத்து வருஷம் கூடின மாதிரி இருக்கிறது. அமலியின் கன்னத்தில் இத்தனை புள்ளி இருப்பதே இந்தக் கண் வந்த பிறகுதான் தெரிந்தது. சொன்னேன். "இப்பத்தான் பாக்கியளோ" என்றாள். இன்னும் என்னென்னவெல்லாம் நான் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னேனோ. தூரிகை காய்ந்துவிட்டது. போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். டக்குக்கு வெள்ளை கேட்கலாம். வெள்ளை கேட்கிறதில் என்ன.

"யாரு?" என்றான். பின்னால் இரும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற சத்தம்.

"நான்... கபிரியேல்."

தேய்க்கிற சத்தம் நின்றது. "ம்."

"ஒரு சந்தேகம். டக் மாடல் ஒண்ணு செய்யுதேன். கேபினுக்கு எந்த வெள்ளை அடிக்கலாம்னு..."

வைத்துவிட்டான் என்றே நினைத்தேன். வைக்கவில்லை. "எவ்வளவு பெருசு?"

"முழங்க நீளம்."

"அப்ப தனி வெள்ளை அடிக்காத. சின்ன சாமானுக்குத் தனி வெள்ளை அடிச்சா கத்தும். பொம்மைன்னு காட்டிக் குடுத்துரும். ஒரு சொட்டு காவி விடு. குண்டூசி முனையில தொட்டுக் கறுப்பு. தூரத்துல நிக்கிற கப்பல் மாதிரி அடங்கி வரணும்."

"சரி."

"பசையக் கம்மியா வச்சியா?"

"வச்சேன்." தொண்டையில் மருந்துக் கசப்பு. "நேவிஸ், அன்னைக்கு நீ அடிச்சது வெள்ளையாத்தான் இருந்துச்சு. எனக்குக் கண்ணுல புரை. இப்ப எடுத்தாச்சு, பாத்தேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஒங்க அஞ்சு பேரு கண்ணுமணியப் பாத்தாலே தெரியும்லா, சாம்பப் பூத்துக் கெடக்கும்."

"தெரிஞ்சும் ஏன்ல சொல்லல?"

"சொல்ல வாறதுக்கு முன்னால நகத்துல வச்சுப் பாத்தேன். அஞ்சு பேரு மஞ்சள்னு சொல்லுதாங்களேன்னு பாத்தேன். வெயில்ல நீட்டுனா, ஒரு நிமிஷம் எனக்கும் மஞ்சளாத் தெரிஞ்சிச்சு. ஒரு நிமிஷந்தான். அது போதும்லா. அதுக்கப்புறம் நான் வெள்ளையத் தொடல. இப்ப கேட்டுக்கும் கிரில்லுக்கும் கறுப்பு அடிக்கேன். கறுப்புல எவனும் கொற சொல்ல முடியாது." சிரித்தான். வயசானவன் சிரிப்பு, பாதியில் இருமலாகிவிட்டது.

"மன்னிச்சிருல" என்றேன்.

"இதுக்குப் போன் போட்டியா, டக்குக்குப் போட்டியா?"

"இதுக்குத்தான்."

"அன்னைக்கு மைக்குல சொன்ன. இன்னைக்குப் போன்ல சொல்லுத."

"மைக்கா? நான் கூட்டத்துலல்லா..."

"ஜெபமாலைக்குப் போட்ட மைக்கு. ஸ்பீக்கர் குழாய எங்க வீட்டு மாடியிலதான கட்டியிருந்தீங்க. நான் சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். மகளும் கூட இருந்தா. நீ ரெண்டு தட்டு தட்டி, ஹலோ ஹலோன்னு பாத்துட்டுத்தான் ஆரம்பிச்ச."

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்று நாலு வருஷமாக நானே எனக்குச் சொல்லிவந்திருக்கிறேன். யாரும் போகவில்லை. மைக் என் கையில் இருந்தது. பஞ்சு உறையில் பலபேர் எச்சில் வாடை, அடியில் ஒரு பித்தான், அதை நான் மேலே தள்ளினேன். அணைத்துத்தான் வைத்திருந்தார்கள். நாலு பேருக்குச் சொல்ல நான் ஏன் அதை எடுத்தேன்? கண்ணில் புரை இருந்தது சரி. பெருவிரலில் என்ன இருந்தது? நேவிஸ் வைக்கவில்லை. அவன் பக்கம் காக்கா கத்துகிறது, என் பக்கம் அமலி எண்ணெய்ச் சட்டியை வைக்கிறாள்.  இத்தனை நாள் ஒரு கண்ணையும் இன்னொரு கண்ணையும் மாற்றி மாற்றிப் பொத்தினது எதற்கு என்று இப்போது தெரிகிறது. பொத்தினால் இரண்டில் எதுவும் அந்த விரலைப் பார்க்க வேண்டியதில்லை.

"ஞாயித்துக்கிழம கூட்டம் இருக்கு. நீ வருவியா?" என்றேன்.

"நான் எதுக்குல வரணும்? அன்னைக்கும் நான் அங்க இல்லையே" என்றான். "தெருவுக்குக் கேட்டாப் போதும்." வைத்துவிட்டான். வைப்பதற்கு முன்னால் தாள் மறுபடி இரும்பில் தேய்கிற சத்தம் கேட்டது.

அமலி கதவோரத்தில் நின்றாள். எத்தனை நேரமாக நின்றாளோ.  கரண்டியால் கொரைரா அண்ணன் வீட்டுப் பக்கம் காட்டினாள், அவ்வளவுதான். எழுந்து போகத் தெம்பில்லை. போனிலேயே கூப்பிட்டேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துக்கு மைக் வேணும்."

"அஞ்சு பேரு பேச மைக் எதுக்குடே?"

"தெருவுக்குப் பேசணும். மாதா அங்கியப் பத்தி. நேவிசப் பத்தி."

அவர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் குறைந்தது. பிறகு முழுசாக நின்றது. "ஒனக்கு இன்னொரு கண்ணு பாக்கி இருக்குல்லா. அதையும் முடிச்சிட்டு நிதானமாப் பேசலாமே."

"இல்லண்ணே. இந்த ஞாயித்துக்கிழமையே."

"என் பேரும் வருமா?" என்றார். எழுபத்தாறு வயசு மனுஷன், சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"மைக்க எடுத்தது நான்தான. என் பேரத்தான் சொல்லுவேன். நீங்க பக்கத்துல வந்து நிக்கதுன்னா நில்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மைக்செட்காரன்ட்ட நான் சொல்லி வைக்கேன்" என்றார்.